தலை சுருங்கிய பிள்ளைகள்

அத்தியாயம் ஒன்பது

பிள்ளைகள் வளர்வதுதான் வழக்கம். கை வளரும், கால் வளரும், வாய் மட்டும் தேவைக்கு அதிகமாகவே வளரும். ஆனால் வெண்ணந்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிற முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கு, போன ஜூனுக்கும் இந்தத் தை மாதத்துக்கும் நடுவில், தலை சுருங்கிப் போயிருந்தது.

ஒன்றிரண்டு பேருக்கு என்றால் எழுதியதில் பிழை என்று விட்டுவிடலாம். முப்பத்து நான்கு பேரை மறுபடி அளந்தால் முப்பத்து நான்கு பேருக்குமா சுருங்கும்?

வியாழக்கிழமை மாலை கம்ப்யூட்டர் முன்னால் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்த பிரவீனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கும் அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். நடுவில் வீட்டுக்குப் போனாள், சமைத்தாள், படுத்தாள். தூங்கினாள் என்று மட்டும் சொல்ல முடியாது.

ராசிபுரத்துக்கு வெளியே அவளும் கணவன் மோகன்குமாரும் நடத்தும் பட்டறையில் கோழிப்பண்ணைகளுக்கான பிளாஸ்டிக் தண்ணீர்க் கிண்ணங்கள்தான் இத்தனை வருடமாக உற்பத்தி. சின்னப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் செய்வோம் என்று கிளம்பியவள் பிரவீனா. நம் பிள்ளைகளின் தலைச் சுற்று எவ்வளவு, நெற்றி அகலம் எவ்வளவு, காதுக்கும் மோவாய்க்கும் எவ்வளவு தூரம் என்று அவள் தேடாத இடமில்லை. கிடைத்ததெல்லாம் வேறு தேசத்துப் பிள்ளைகளின் கணக்கு. அப்படியானால் நாமே அளப்போம் என்று வெண்ணந்தூரிலும் சேந்தமங்கலத்திலும் நானூறு பிள்ளைகளைப் போன ஜூனில் அளந்து முடித்தார்கள். ஒரு ஹெல்மெட் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று தெரிய வேண்டுமே, அதற்காக அதில் சிலரை இப்போது மறுபடி அளக்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்திருந்தார்கள். சின்னதுகள்தான் இப்படிக் காலை வாரிவிட்டன.

மோகன்குமார் இரண்டு டம்ளரில் டீயோடு வந்தான்.

"இன்னும் அதையவேவா பாத்துட்டு உக்காந்திருக்கற? தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரந்தான் ஆச்சு. பாதிப் பேரு பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்திருக்கும். முடி போனா அளவு கொறையத்தான செய்யும்?"

"எனக்கும் மொதல்ல அப்பிடித்தானுங்க தோணுச்சு. இதப் பாருங்க. கிருத்திகா, ஒண்ணாங் கிளாசு. ரெட்டை ஜடை. ரிப்பனக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ரெண்டு தடவையும் ஒரே எடத்துலதான் அளந்திருக்குது. அவளுக்கும் ஒண்ணேகால் சென்டிமீட்டர் கொறைச்சல். மொட்டை போட்டதுக மொத்தமே அஞ்சு பேருதானுங்க."

மோகன்குமார் டீயை ஊதினான். பதில் இல்லாதபோது அவன் ஆறிப்போன டீயைக்கூட ஊதுவான்.

அப்போது போன் அடித்தது. கோயம்புத்தூரில் டை வெட்டுகிற குமரன். எந்த அச்சில் ஹெல்மெட் வார்க்கப் போகிறார்களோ அந்த அச்சை இரும்பில் கடைந்து தருகிறவர்.

"சார், திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு மெசின்ல ஏத்தறோமுங்க. சின்ன சைசுதானுங்களே மொதல்ல? ஏதாச்சு மாத்தறதுன்னா ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துக்குள்ள சொல்லிப்போடுங்க. வெட்டுனதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"ஒருவேளை தள்ளிப் போட்டா?" என்று பிரவீனா எட்டிக் கேட்டாள்.

"ஆடி மாசந்தானுங்க அம்மிணி. அதுவரைக்கும் மெசின் காலியில்லீங்க."

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளின் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் இரண்டு பள்ளிக்கும் கொடுத்திருந்த வாக்கு. ஆடியில் அச்சு வந்து என்ன பயன்?

போனை வைத்துவிட்டு மோகன்குமார் மனைவியைப் பார்த்தான். அவள் நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்ததை அவனே சொன்னான்.

"சின்ன கிளாசுகள அக்காதான அளந்துச்சு?"

"ஆமாங்க."

"அக்காகிட்டப் போயி எதும் கேட்டு வெக்காத. இப்பத்தான் ரெண்டு வருசம் கழிச்சு நாலு பேருகிட்டச் சிரிச்சுப் பேசுது."

பிரவீனா டம்ளரை ஓரமாக வைத்தாள். அவளுக்கும் அந்தப் பயம்தான்.

நர்மதா, மோகன்குமாரின் அக்கா. ராசிபுரத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். சின்னப் பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் தலையைக் கொடுக்குமா? நர்மதா என்றால் ஓடிவந்து நிற்கும். அதனால்தான் ஜூனில் சின்ன வகுப்புகளை அவளிடம் ஒப்படைத்தார்கள். அந்த வேலை அவளுக்கு எப்படி உயிர் கொடுத்தது என்று முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். ஏனென்றால் இந்த ஹெல்மெட் பைத்தியம் தொடங்கியதே அவளுடைய வீட்டில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் சின்னராஜ் ஓட்டிய பைக், நாய் குறுக்கே பாய்ந்ததில் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு வயது யோகேஷின் தலையிலிருந்து ஹெல்மெட் தனியாகக் கழன்று ரோட்டோரம் உருண்டது. பையன் பிழைத்தான். இடது காது கேட்காமல் போனது.

'பக்கிளை ஒழுங்காப் போட்டிருந்தா அது ஏன் கழண்டு உருளுது?' என்று நர்மதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 'போட்டேன்' என்று சின்னராஜ் ஒரே ஒரு பதில் சொன்னான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சே இல்லை என்று சொல்லிவிடலாம். அவன் போர்வெல் ரிக் வண்டியில் ராய்ப்பூர்ப் பக்கம் போய்விட்டான். வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்தால் தன் அண்ணன் வீட்டில் படுத்துக்கொள்வான்.

பதினொரு மணிக்கு பிரவீனா வெண்ணந்தூர்ப் பள்ளியில் இருந்தாள். தலைமையாசிரியை சென்னம்மாள் கெடுபிடிக்காரர். ஆனால் பிள்ளைகளுக்கு நல்லது என்றால் மதிய மணியைக்கூடக் கொஞ்சம் தள்ளி அடிப்பார்.

"அஞ்சு பேர மறுபடி அளக்கோணுமுங்க டீச்சர். நாந்தான் இந்த மாசம் தப்பா அளந்துட்டனோ என்னமோன்னு ஒரு சந்தேகம்."

தன் மேல் சந்தேகம் என்று சொன்னபோது அவளுக்கு உண்மையிலேயே அப்படி இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. தவறு நம்முடையது என்றால் நாமே முழுங்கிக்கொள்ளலாம் பாருங்கள்.

ஐந்து பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலில் ஷாலினி. புருவத்துக்கு மேலே ஒரு விரற்கடை, பின்மண்டையில் புடைத்திருக்கிற இடம், டேப் முறுக்காமல் சுற்றி வர வேண்டும்.

"எனக்குத் தலை சின்னதாயிருச்சாக்கா?" என்று ஷாலினி கேட்டாள்.

"ஆரு சாமி சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. கணக்கு வராதாம் இனிமே."

"தலை சின்னதானாலும் கணக்கு வரும். அசையாத."

ஐம்பது புள்ளி எட்டு. மூன்று முறை அளந்தாள், மூன்று முறையும் அதுவே. இந்த வாரம் முதலில் எழுதியதும் அதுதான். மற்ற நான்கு பேருக்கும் அப்படியே. இப்போது எடுத்த அளவு சரி. அப்படியானால் ஜூனில் எடுத்ததுதான் தப்பு.

"ஜூன்ல எழுதுன தாளு உங்க பீரோவுலதானுங்களே இருக்குது?"

சென்னம்மாள் எடுத்துக் கொடுத்தார். பட்டறையில் வேலை செய்யும் பெண் இதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் அடித்தாள். கம்ப்யூட்டரில் பிரவீனா பார்த்ததெல்லாம் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்கிற கணக்கைத்தான்; அசல் தாளை இன்றுதான் பிரித்துப் பார்க்கிறாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டரை. ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்று. ஐம்பத்திரண்டரை. தாள் முழுக்க முழு எண், இல்லாவிட்டால் அரை. புள்ளி மூன்று, புள்ளி எட்டு என்று ஒன்றுகூட இல்லை. சட்டைக்கு அளவெடுக்கிற கை எழுதிய தாள் அது.

ஆனால் அரைக்கு ஒதுக்கி எழுதினால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். முப்பத்து நான்கு பேருக்கும் கூடுதலாகவே எப்படி வரும்?

"நம்ம நர்மதா தெச்ச யூனிபார்முதான் பாருங்க எல்லாம்," என்றார் சென்னம்மாள், வரிசையில் போகிற பிள்ளைகளைக் காட்டி. "ஒண்ணாப்புல தெச்சது மூணாப்பு வரைக்கும் வரும். அப்பிடியொரு கைராசி."

பிரவீனா அந்தப் பிள்ளைகளின் தோளைப் பார்த்தாள். எல்லோருடைய சட்டையும் தோளை விட்டு இரண்டு விரல் இறங்கி இருந்தது.

கையிலிருந்த தாளை அவள் மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

மோகன்குமார் சொன்னதை மீறிப் போக வேண்டும். மத்தியானம் முழுக்கப் பட்டறையில் அதே யோசனை. கேட்காமல் இருந்தால் நங்கையாவின் சிரிப்பு மிஞ்சும். கணவனின் அக்காவை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். அந்த நங்கையா மேல் அவளுக்குப் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. கேட்டால் அந்தச் சிரிப்பு போகும். கேட்காவிட்டால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு பெரிய இரும்புத் துண்டில் அந்த இரண்டு விரல் தளர்வு ஏறிவிடும். பிறகு வார்க்கிற ஒவ்வொரு ஹெல்மெட்டும் ஒவ்வொரு யோகேஷின் தலையிலிருந்தும் கழன்று உருளும்.

நான்கு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தாள். போனை வேண்டுமென்றே கைப்பைக்குள் போட்டாள்.

கடையில் நர்மதா ஒரு குண்டுப் பையனைச் சட்டைக்கு அளந்துகொண்டிருந்தாள். வாயில் குண்டூசி, கழுத்தில் டேப். அவள் டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கும்போது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகவே உள்ளே நுழைந்தன. அப்புறம்தான் அவள் எண்ணைப் படித்தாள்.

பிரவீனா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா கண்ணு. ஏன் அங்கயே நிக்கற? டீ சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க நங்கையா."

பையன் போனான். பள்ளிவிட்டு யோகேஷ் வந்தான். ஒன்பது வயதுக்கு உயரம். யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கேட்பான்.

"நங்கையா, யோகேஷ் தலைய ஒருக்கா அளந்து காட்டறீங்களா?"

"எதுக்கு? அவன் பேருதான் நம்ம லிஸ்ட்லயே இல்லியே."

"சும்மாதானுங்க."

நர்மதா டேப்பைச் சுற்றினாள். இரண்டு விரல்கள் உள்ளே போயின. "அம்பத்தி மூணரை."

பிரவீனா தன் டேப்பை எடுத்தாள். சுற்றினாள். படிக்கிற இடத்தை நர்மதாவுக்கே காட்டினாள். ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று.

நர்மதா எண்ணைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் முதலில் வந்தது கோபம்தான்.

"அதுக்கென்ன இப்போ? வளர்ற புள்ளைக்கு ரெண்டு வெரலு உட்டுத்தான் அளக்கோணும். இருவது வருசமா இப்பிடித்தான் அளக்கறேன். இறுக்கிப் புடிச்சேன்னு ஒருத்தரு வந்து கொறை சொன்னதில்ல. நீ படிச்சவ, என்னைய வேவு பாக்க வந்தியா?"

"இல்லீங்க நங்கையா. சட்டைக்கு நீங்க உடறது ரொம்பச் சரிங்க. அடுத்த வருசத்துக்கும் வரும். ஹெல்மெட்டு அப்பிடி இல்லீங்களே. இன்னிக்கு லூசா இருந்தா இன்னிக்கே..."

பிரவீனாவின் கண் யோகேஷ் பக்கம் போனது. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நர்மதா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, துணிக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை இழுத்தாள். பிரவீனா அதை இதுவரை பார்த்ததில்லை. குடும்பத்தில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே நீல நிறத்தில் ஒரு சின்ன ஹெல்மெட். இடது பக்கம் விரிசல். வார் அறுந்திருக்கவில்லை. அதன் பக்கிள் இறுக்கமாகப் போட்டபடியே இருந்தது.

"இது எங்கைக்கு வந்தப்பவே இப்பிடித்தான் இருந்துச்சு," என்றாள் நர்மதா. குரல் மட்டும் தையல் மெஷின் போல ஒரே சீராக வந்தது. "ஆஸ்பத்திரியில வெச்சு அவரே மாட்டிப்போட்டாரு, எங்கிட்டத் தப்பிக்கறதுக்குன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

"நங்கையா..."

"சேலத்துல வாங்குனது. கடைக்காரன் ஒண்ணு எடுத்து மாட்டுனான். கச்சிதமா இருந்துச்சு. இவங்கப்பா இதே இருக்கட்டும்னாரு. நாந்தான் ஒரு சைசு பெருசா எடுத்துக் குடுன்னு சண்டை போட்டேன். வளர்ற பையன், ரெண்டு வருசத்துக்காச்சு வரோணும்னு."

அவள் பக்கிளைக் கழற்றினாள். மகனைக் கூப்பிட்டாள். அவன் தலையில் அந்த ஹெல்மெட்டை மெதுவாக வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

ஆடவில்லை. இரண்டு வருடத்துக்கு வர வேண்டும் என்று வாங்கியது, சொல்லி வைத்த மாதிரி இரண்டு வருடம் கழித்துப் பொருந்தியிருந்தது.

நர்மதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது. பிரவீனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தாள். பொய்யில்லாமல் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. அதனால் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். யோகேஷ் ஹெல்மெட்டோடு நின்று, அம்மாவின் முகத்துக்கு நேராக வலது காதைத் திருப்பிக் காத்திருந்தான்.

வெளியே கார் நின்ற சத்தம். பத்து முறை போன் அடித்தும் மனைவி எடுக்காததால் மோகன்குமார் வந்துவிட்டான். உள்ளே பார்த்ததும் அவனுக்கு மளமளவென்று கோபம் ஏறியது.

"நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னனல்ல, அக்காகிட்ட..."

"நிறுத்துடா மோகனு," என்றாள் நர்மதா. முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அவ கேட்டதுதான் சரி. எத்தன புள்ளைக நான் அளந்தது?"

"நூத்தித் தொண்ணூத்தி எட்டுங்க," என்றாள் பிரவீனா. "முப்பத்தி நாலு மறுபடி அளந்தாச்சு. நூத்தி அறுவத்தி நாலு பாக்கி."

என்ன நடந்தது என்று விளங்க மோகன்குமாருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் வழியும் அவனுக்குக் கிடைத்துவிட்டது. தொழில்காரன் அல்லவா?

"அட, இதுக்கா இத்தன? எல்லாத்துலயும் ஒண்ணரை கழிச்சு உட்டாப் போச்சு. குமரனுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடலாம்."

"முப்பத்தி நாலு பேருக்கும் ஒரே மாதிரி கூடலீங்க," என்றாள் பிரவீனா. "ஒருத்தனுக்கு முக்கால், ஒருத்திக்கு ரெண்டு. எத கழிக்கறது?"

"என் வெரலு என்ன ஸ்கேலாடா?" என்றாள் நர்மதா. "அழுவற புள்ளைக்குத் தொளதொளன்னு புடிச்சிருப்பேன், சிரிக்கற புள்ளைக்குக் கொஞ்சம் இறுக்கியிருப்பேன். கழிக்கறானாம் கழிக்க! கழிச்சு வர்றது எந்தப் புள்ளையோட தலைடா?"

"நாளைக்கும் நாளான்னிக்கும் பள்ளிக்கூடம் லீவுக்கா. புள்ளைகள எங்க போயித் தேடறது?"

"ஊடு ஊடாப் போறது. ஒவ்வொரு புள்ளைக்கும் ரெண்டு செட்டு சட்டை தெச்சிருக்கறேன். எது எந்த ஊட்டுப் புள்ளைன்னு எனக்குத் தெரியாதா?"

"நூத்தி அறுவத்தி நாலு ஊடுக்கா!"

"அண்ணந்தம்பிகளக் கழிச்சா கொஞ்சம் கொறையும்," என்றாள் நர்மதா. "கழிக்கறதுன்னா அதக் கழி."

பிரவீனாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. மோகன்குமார் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியாக மருமகன் தலையில் இருந்த விரிசல் விட்ட ஹெல்மெட்டைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"வண்டியத் திருப்பறேன். வாங்க," என்றான்.

ஆனால் நர்மதா உடனே வரவில்லை. கடை வாசலில் நின்று போனை எடுத்தாள். இரண்டு வருடமாக அவள் கூப்பிடாத எண். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டான்.

"யோகேசுக்கு என்ன?" என்று சின்னராஜ் கத்தியது நான்கடி தள்ளி நின்ற பிரவீனாவுக்கே கேட்டது. பின்னால் பாறையைத் துளைக்கிற ரிக்கின் இரைச்சல்.

"அவனுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறான்." நர்மதா மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க பக்கிள் போட்டுத்தான் உட்டிருந்தீங்க. ஹெல்மெட்டுதான் பெருசு. தப்பு என்னுதுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் இல்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சிக்னல் போனதா, அவனே வைத்துவிட்டானா என்று தெரியவில்லை. நர்மதா இருண்ட திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை யோகேஷிடம் கொடுத்து, அவனோடு காரில் ஏறிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு வெண்ணந்தூரில் முதல் வீடு. தறிச் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது. அளவெடுக்க வேண்டும் என்றதும் அந்த வீட்டுப் பெண், "ஜூன்லயே அளந்தீங்களே அக்கா?" என்றாள்.

"தப்பா அளந்துபோட்டேன் அம்மிணி. மறுபடி அளக்க வந்திருக்கறேன்," என்றாள் நர்மதா. மென்று முழுங்காமல் சொன்னாள். இன்னும் எத்தனையோ வீட்டில் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வீட்டிலேயே அவள் அதைச் சரியாகச் சொல்லிவிட்டதில் பிரவீனாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆறு வயதுப் பெண் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தது. நர்மதா டேப்பைச் சுற்றினாள். சேர்க்கும் இடத்தில் இரண்டு விரல்களும் உள்ளே போய்விட்டன.

"ச்சை!" என்று கையை உதறினாள். மறுபடி சுற்றினாள். மறுபடியும் போயின. இருபது வருடப் பழக்கம் ஒரு சாயந்தரத்தில் போய்விடுமா என்ன?

அவள் இடுப்பில் செருகியிருந்த துணிப் பட்டையை உருவினாள். சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துண்டு. அதை பிரவீனாவிடம் நீட்டி, வலது கையையும் நீட்டினாள்.

"கட்டு."

"நங்கையா?"

"ரெண்டு வெரலையும் சேத்து மடக்கிக் கட்டு கண்ணு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவுக்காத."

பிரவீனா கட்டினாள். ஸ்டூலில் இருந்த பெண்ணுக்கு இது நல்ல வேடிக்கை. "அத்தைக்குக் கையில புண்ணா?" என்று கேட்டது.

"ஆமா சாமி. ஆறிப்போயிரும்," என்றாள் நர்மதா.

கட்டை விரலும் மோதிர விரலும் வைத்துக்கொண்டு டேப்பைப் பிடிப்பது எளிதாக இல்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை புருவத்துக்கு மேலே, பின்மண்டைப் புடைப்பின் மேலே, நடுவில் காற்றுப் போக இடமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

யோகேஷ் வலது காதுப் பக்கமாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அம்மா, அப்பா! அப்பா கூப்பிடறாரு!"

நர்மதா மகனைத் திரும்பிப் பார்த்தாள். டேப்பை விடவில்லை. இத்தனை நாள் காத்திருந்த மனிதன் இன்னும் நான்கு முறை போன் அடிக்கும் வரைக்கும் காத்திருக்கட்டும் என்பது போல, அவள் குனிந்து, கண்ணை இடுக்கி, எண்ணை அதன் கடைசிக் கோடு வரைக்கும் படித்தாள்.

"அம்பத்தொண்ணு புள்ளி மூணு," என்றாள். "அரை இல்ல, புள்ளி மூணு. எழுதிக்க."

பிரவீனா எழுதினாள். அதற்குப் பிறகுதான் நர்மதா டேப்பை விட்டாள். விரல்கள் கட்டியிருந்த கையை மகனிடம் நீட்டி, "பட்டனை நீயே அமுத்துடா," என்றாள்.